மருந்தைச் சுமக்கும் பல்சர்க்கரைகள்

(கல்லூரி அறிவியல் மன்றமொன்றில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காசநோய் கண்ட ஒருவர் வழக்கமான சிகிச்சையில் 6 மாதம் தவறாமல் மருந்து சாப்பிட வேண்டும். முதல் 2 மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்று நான்கு மருந்துகள். அடுத்த 4 மாதம் அவற்றில் மூன்று. பலருக்கு இரண்டாம் மாதத்துக்குள்ளாகவே காய்ச்சல் விட்டுவிடும், இருமல் தணிந்துவிடும், உடம்பு தேறத் தொடங்கிவிடும். அதன் பிறகும் பல மாதம், நோயில்லாதவர் போல நடமாடிக்கொண்டே, ஒவ்வொரு நாளும் மாத்திரைகளை விழுங்க வேண்டும். குமட்டலைப் பொறுத்துக்கொண்டு கூலி வேலைக்கும் போக வேண்டும். இடையில் விட்டவரிடம் கிருமி மறுபடி தலையெடுக்கிறது. சில நேரம் மருந்துக்கு அடங்காத கிருமியாகவே எழுகிறது.

இந்த நோயின் மருத்துவ வரலாற்றில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மதராஸ் அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்துச் சிகிச்சை செய்தார்கள். இன்னொரு பகுதியினர் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்துகொண்டு அதே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அதற்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மெல்லக் காலியாயின.

அந்த ஆய்வு ஏழைக்குக் கிடைத்த பெரும் விடுதலை. அதே வேளையில், அதுவரை மருத்துவமனைச் சுவர்கள் தாங்கிய பாரம் நோயாளியின் தோளுக்கு மாறியது. ஒவ்வொரு நாளும் மறக்காமல், சலிக்காமல் மருந்தை எடுக்கும் பொறுப்பு இப்போது அவருடையது. அந்தப் பாரத்தில் ஒரு பங்கை, மருந்தைச் சுமந்து செல்லும் பொருளே ஏற்றுக்கொள்ள முடியுமா? தாவரங்களும் கடற்பாசிகளும் உண்டாக்கும் பல்சர்க்கரைகளால், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகளால், அதைச் செய்ய முடியுமா? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

தினமும் ஏன்?

மருந்தைத் தினமும் சாப்பிடச் சொல்வதற்குக் காரணம் எளிமையானது. உடல் மருந்தை வெளியாளாகவே நடத்துகிறது. கல்லீரல் அதை மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. ஐசோநியாசிட்டை எடுத்துக்கொண்டால், இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய சிலருக்கு ஒரு மணி நேரம் போதும், வேறு சிலருக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். இந்த வேறுபாடு பிறப்பிலேயே மரபணுவில் அமைந்தது. ஆகவே மாத்திரை விழுங்கியதும் இரத்தத்தில் மருந்தின் அளவு சட்டென்று ஏறி, பிறகு சரிகிறது. மிக உயர்ந்தால் பக்கவிளைவு, மிகத் தாழ்ந்தால் கிருமிக்கு மூச்சுவிட நேரம். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே அளவை நீண்ட நேரம் நிறுத்திவைப்பதுதான் கட்டுப்படுத்திய மருந்து வெளியீட்டின் நோக்கம்.

இந்த முயற்சி நேற்றுத் தொடங்கியதில்லை. 1952-ல் ஓர் அமெரிக்க நிறுவனம், வெவ்வேறு தடிமனில் பூச்சு பூசிய நூற்றுக்கணக்கான சிறு உருண்டைகளை ஒரே கேப்சூலில் அடைத்து ‘ஸ்பான்சூல்’ என்று விற்றது. மெல்லிய பூச்சு முதலில் கரையும், தடித்த பூச்சு பிறகு கரையும். 1961-ல் டாக்கேரு ஹிகுச்சி, ஒரு களிம்பிலிருந்து வெளியேறும் மருந்தின் அளவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும் என்று சமன்பாடு எழுதினார். 1976-ல் ராபர்ட் லாங்கரும் ஜூடா ஃபோக்மனும், புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் நீண்ட சங்கிலி மூலக்கூறான பாலிமருக்குள் பொதிந்து நாள்கணக்கில் மெதுவாக வெளிவிட முடியும் என்று காட்டினார்கள். இந்த வழியில் வந்த பாலிமர்களில் பல, ஆய்வுக்கூடத்தில் மனிதர் செய்தவை. ஆனால் மனிதருக்கு முன்பே தாவரம் பாலிமரைச் செய்துவிட்டது.

ஒரே குளுக்கோஸ், இரண்டு விதி

சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் நாம் உடுத்தியிருக்கும் பருத்தித் துணியின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்துக் கட்டிய சங்கிலிகள். இரண்டிலும் செங்கல் ஒன்றுதான். ஒரு குளுக்கோஸை அடுத்த குளுக்கோஸோடு பிணைக்கும் கோணத்தில் மட்டும் வேறுபாடு. மாவுச்சத்தில் இருப்பது ஆல்ஃபா பிணைப்பு. அதை வெட்ட நம் உமிழ்நீரிலேயே அமிலேஸ் நொதி இருக்கிறது. செல்லுலோஸில் இருப்பது பீட்டா பிணைப்பு. அதை வெட்டும் நொதியை நம் உடல் உண்டாக்குவதில்லை. அதனால் ஒன்று உணவாகிறது, மற்றொன்று துணியாகிறது.

இந்தச் சிறு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எந்தப் பிணைப்பை, உடலின் எந்தப் பகுதியில், எந்த நொதி வெட்டும் என்பது முன்கூட்டியே தெரியுமானால், மருந்து எங்கே எப்போது விடுபட வேண்டும் என்பதை அந்தப் பிணைப்பிலேயே நாம் எழுதிவைக்கலாம். தாவரப் பல்சர்க்கரைகளின் மேல் மருந்தியலாளருக்கு உள்ள ஈர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. இவை மலிவாகக் கிடைப்பதும், மண்ணில் மட்கிப்போவதும் கூடுதல் நன்மைகள்.

இந்த அவையில் இருப்பவர்களில் சிலர் இதை ஏற்கெனவே அன்றாடம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். என்ற, மருந்தை மெதுவாக விடும் மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் கேளுங்கள். அந்த வகை மாத்திரைகள் பலவற்றில் செல்லுலோஸிலிருந்து செய்த ஹைட்ராக்ஸிபுரோப்பில் மெத்தில் செல்லுலோஸ் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது ஊதிக் கூழாகி, தனக்குள் இருக்கும் மருந்தைப் பல மணி நேரம் கசியவிடுகிறது. மருந்து போன பிறகு அந்தக் கூழ் சில சமயம் மாத்திரையின் வடிவம் கலையாமலே மலத்தில் வெளிவரும். “மாத்திரை கரையவே இல்லை” என்று பதறி மருத்துவரிடம் ஓடுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம். மருந்து இரத்தத்துக்குப் போய்விட்டது. வெளியே வந்தது, வேலை முடித்த செல்லுலோஸ்.

கொத்தவரை விதையில் இருக்கும் குவார் பிசின் இன்னொரு வகை. மேனோஸ் சர்க்கரையாலான நீண்ட சங்கிலி, அதன் பக்கவாட்டில் காலக்டோஸ் கிளைகள். உலகின் குவார் விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் ராஜஸ்தானுடையது. வயிறும் சிறுகுடலும் இதைச் செரிக்க முடியாது. பெருங்குடலுக்குப் போனதும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இதைச் சிதைத்துவிடும். பழத்தோலில் இருக்கும் பெக்டினுக்கும் இதே குணம். 1825-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி பிராக்கோனோ அடையாளம் கண்ட பொருள் அது. பெருங்குடல் புண்ணுக்குரிய மருந்தைக் குவாரிலோ பெக்டினிலோ பொதிந்து கொடுத்தால், மருந்தின் பெரும்பகுதி வழியில் வீணாகாமல் புண் இருக்கும் இடத்தில் போய் விடுபடும். 1990-களிலேயே நம் நாட்டு ஆய்வாளர்கள் குவார் மாத்திரைகளை உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, காமாக் கதிர்ப் படங்களால் மாத்திரையின் பயணத்தைப் பின்தொடர்ந்து இதை நிரூபித்திருக்கிறார்கள்.

நம் வீட்டில் குப்பைக்குப் போகும் புளியங்கொட்டையிலும் ஒரு புதையல் இருக்கிறது. துணி ஆலைகளிலும் சணல் ஆலைகளிலும் நூலுக்குக் கஞ்சி போட அதன் மாவைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அந்த மாவில் இருக்கும் சைலோகுளுக்கன் கண்ணிலும் குடலிலும் உள்ள சளிப்படலத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் கண் வறட்சிக்கான சொட்டு மருந்துகளில் அதைச் சேர்க்கிறார்கள். இன்னொரு குணம் இதைவிட வியப்பானது. அதன் பக்கக் கிளைகளில் உள்ள காலக்டோஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு நொதியால் நீக்கிவிட்டால், அறை வெப்பத்தில் திரவமாக இருப்பது உடல் வெப்பத்தில் கூழாக இறுகுகிறது. திரவமாக உள்ளே செலுத்தி, உள்ளே போனபின் கூழாக்கி, அதிலிருந்து மருந்தை மெதுவாகக் கசியவிடலாம்.

கடலிலிருந்து ஆல்ஜினேட்

இனி இன்றைய பேச்சின் முதன்மையான பொருளுக்கு வருகிறேன். பழுப்புநிறக் கடற்பாசிகளின் செல்சுவரில் ஆல்ஜினேட் இருக்கிறது. 1881-ல் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு இதைப் பிரித்தெடுத்தார். கண்டிப்பான வகைப்பாட்டில் பழுப்புப் பாசி தாவரம் ஆகாது என்று உயிரியல் மாணவர்கள் எழுந்து சொல்லலாம். அது சரிதான். ஆனாலும் ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை செய்து, அதைச் செல்சுவராகக் கட்டும் உயிர் என்ற முறையில் மருந்தியலில் இதைத் தாவரப் பல்சர்க்கரைகளோடு சேர்த்துப் படிப்பது வழக்கம். மன்னார் வளைகுடாவில் மண்டபம், இராமேசுவரம் கரையோரம் கட்டக்கோரை என்று அழைக்கப்படும் சர்காசம் பாசி வளர்கிறது. கரையோர மக்கள் அதைச் சேகரித்து ஆல்ஜினேட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள்.

ஆல்ஜினேட் சங்கிலியில் இரண்டு வகை அமிலச் சர்க்கரைகள் உண்டு: மேனுரானிக் அமிலம், குலுரானிக் அமிலம். குலுரானிக் அமிலம் தொடர்ச்சியாக வரும் இடங்களில் சங்கிலி மடிந்து மடிந்து சிறு குழிகளை உண்டாக்கும். கால்சியம் அயனிகளைச் சேர்த்தால் அவை அந்தக் குழிகளில் போய் உட்காரும். எதிரெதிரே இரண்டு சங்கிலிகள் சேர்ந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முட்டை அடுக்கும் அட்டைப்பெட்டியில் முட்டைகள் உட்காருவதைப் போன்ற இந்த அமைப்பை 1973-ல் விளக்கியவர்களே அதற்கு முட்டைப்பெட்டி மாதிரி என்று பெயரும் வைத்தார்கள். சூடு வேண்டாம், கடுமையான கரைப்பான் வேண்டாம். நீரும் கால்சியமும் போதும், ஆல்ஜினேட் கூழாகிவிடும். எளிதில் கெட்டுப்போகும் மருந்தையும் சிதைக்காமல் உள்ளே வைக்க இந்த மென்மை உதவுகிறது.

இதையே மிக நீர்த்த கரைசலில், மிகக் குறைந்த கால்சியத்தோடு செய்தால் பெரிய கூழ்க்கட்டி உருவாகாது. கண்ணுக்குத் தெரியாத சிறு திரட்சிகள் உருவாகும். அவற்றின் மேல் நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு பாலிமரைச் சேர்ப்பார்கள். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் அதற்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. ஆல்ஜினேட் எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து உறுதியான துகளாகின்றன. சேர்க்கும் வேகம், கரைசலின் அமிலத்தன்மை, கலக்கும் விசை ஆகிய ஒவ்வொன்றும் துகளின் அளவை மாற்றும்.

அளவு ஏன் முக்கியம்? ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர், இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7,000 நானோமீட்டர். இரத்தத்தில் போகும் துகள் ஏறக்குறைய 6 நானோமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் சிறுநீரகம் விரைவில் வடித்துவிடும். 200 நானோமீட்டரைத் தாண்டினால் மண்ணீரல் பிடித்துக்கொள்ளும். எங்கே பார்த்தாலும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் காவல் நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் துகளை விழுங்குவதே அவற்றின் வேலை. பல மருந்துகளுக்கு இது தடை. காசநோயில் இதுவே வாய்ப்பாகிறது. காசக் கிருமி நுரையீரலில் எங்கே ஒளிந்திருக்கிறது? அதே மேக்ரோஃபேஜ்களுக்குள்தான். மருந்துத் துகளை விழுங்கும் செல், கிருமி குடியிருக்கும் வீட்டுக்கே மருந்தை எடுத்துச் செல்கிறது.

சண்டிகரிலிருந்து ஒரு செய்தி

சண்டிகரில் உள்ள மருத்துவ முதுநிலைக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் ஜி. கே. குல்லரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றையும் சுமார் 235 நானோமீட்டர் அளவுள்ள ஆல்ஜினேட் துகள்களில் பொதிந்து, நெபுலைசர் வழியாகக் கினிப் பன்றிகளுக்கு மூச்சில் கொடுத்தார்கள். வாயால் கொடுத்த சாதாரண மருந்து ஓரிரு நாளில் இரத்தத்திலிருந்து மறைந்துவிட்டது. துகளில் வந்த மருந்தோ நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் ஆகிய உறுப்புகளில் 15 நாள் வரை பயன்தரும் அளவில் நின்றது. 15 நாள் இடைவெளியில் கொடுத்த 3 தவணைகள், 45 நாள் தினந்தோறும் கொடுத்த மாத்திரை மருந்துக்குச் சமமாக நுரையீரலிலிருந்து கிருமியை நீக்கின. 2005-ல் இந்த முடிவு வெளியானது.

நாற்பத்தைந்துக்குப் பதில் மூன்று. முதலில் சொன்ன அந்த நோயாளியை இப்போது நினைத்துப் பாருங்கள். மாதம் இரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, சில நிமிடம் நெபுலைசரில் மூச்சிழுத்துவிட்டு வேலைக்குப் போகும் ஒரு காசநோய்ச் சிகிச்சை. மருந்து புதியதே இல்லை, பழைய மூன்று மருந்துகள்தாம். சுமக்கும் பொருள் மட்டுமே மாறியது.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. காசநோயாளி இன்றும் தினமும் மாத்திரைதான் விழுங்குகிறார். நானோ மருந்தே மனிதரை வந்தடையவில்லை என்று இதற்குப் பொருளில்லை. லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழில் பொதிந்த புற்றுநோய் மருந்து டாக்சில் 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அல்புமின் புரதத்தோடு பிணைத்த பேக்ளிடாக்சல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து 2005-ல் வந்தது. கொரோனாவுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளை நம் செல்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவை கொழுப்பு நானோ துகள்கள். கொழுப்பும் புரதமும் வந்து சேர்ந்த இடத்துக்குத் தாவரப் பல்சர்க்கரைத் துகள் ஏன் இன்னும் வந்து சேரவில்லை? இதற்கு நேர்மையாக விடை தேட வேண்டிய கடமை எங்களைப் போன்ற ஆய்வாளர்களுக்கு இருக்கிறது.

கடத்தியிடம் மூன்று கேள்விகள்

ஒரு மருந்துக் கடத்தியிடம், அதாவது மருந்தைச் சுமக்கும் பொருளிடம், மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். சரியான இடத்துக்கு எப்படிப் போகிறாய்? மருந்தை எப்படி விடுகிறாய்? வேலை முடிந்ததும் உடலை விட்டு எப்படிப் போகிறாய்?

முதல் கேள்விக்கான விடையை மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் எங்கள் துறையில் உண்டு. நானோ துகள் என்றாலே நோயுள்ள இடத்தைத் தேடிப்பிடித்து அங்கே மட்டும் மருந்தைக் கொட்டும் என்று செய்திகள் வருகின்றன. 2016-ல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, ஊசியால் செலுத்திய நானோ துகள்களில் புற்றுக் கட்டியைப் போய்ச் சேர்ந்தவை இடைநிலை அளவில் 0.7 சதவீதமே என்று தெரிந்தது. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. இதில் சர்க்கரைகளுக்கு ஓர் உண்மையான வலிமை உண்டு. கல்லீரல் செல்களின் மேல் காலக்டோஸை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருக்கிறது. கில்பர்ட் ஆஷ்வெல்லும் அனடோல் மோரலும் செய்த ஆய்வுகளால் அது தெரியவந்தது. காலக்டோஸ் கிளைகள் நிறைந்த பல்சர்க்கரை, கல்லீரலுக்குரிய முகவரியைத் தன்மேல் சுமந்தே செல்கிறது. அப்படி உடலின் இயல்போடு பொருந்தும் வழிகளில்தான் நம் உழைப்பைச் செலுத்த வேண்டும்.

இரண்டாவது, விடுவிக்கும் முறை. ஆல்ஜினேட் துகள் இரைப்பையின் அமிலத்தில் சுருங்கி, மருந்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். சிறுகுடலின் நடுநிலைச் சூழலில் அங்குள்ள சோடியமும் பாஸ்பேட்டும் கால்சியத்தை அதனிடமிருந்து பறிக்க, துகள் ஊதித் தளர்ந்து மருந்தை விடும். இது நமக்குத் தெரிந்த வழி. ஆனால் துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மருந்து முதல் மணி நேரத்திலேயே மொத்தமாக வெளியேறிவிடுவது எல்லா ஆய்வுக்கூடங்களிலும் காணும் தொல்லை. 30 நாளுக்கான மருந்தில் பாதி முதல் நாளே கொட்டிவிட்டால் அது நிதான வெளியீடு ஆகாது, சில மருந்துகளில் அது நஞ்சாகவே முடியும்.

மூன்றாவது கேள்வியை யாரும் போதுமான அளவு கேட்பதில்லை. ஆல்ஜினேட்டை வெட்டும் நொதி மனித உடலில் கிடையாது. குடலுக்குள் போனால் கவலையில்லை, மலத்தோடு வெளியேறிவிடும். இரத்தத்திலோ நுரையீரலிலோ செலுத்தினால்? சிறு சங்கிலிகள் சிறுநீரகம் வழியாக வெளியேறும். நீண்ட சங்கிலிகள் தங்கிவிடும். கினிப் பன்றியில் சில வாரம் பார்த்தது போதாது. மனித நுரையீரலில் மாதக்கணக்கில் அது என்ன செய்யும் என்பதைப் பொறுமையாகச் சோதிக்க வேண்டும். மாவுச்சத்துத் துகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு, இரத்தத்திலும் அமிலேஸ் இருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் அது சீக்கிரமே சிதைந்தும் போகிறது. ஒரு பல்சர்க்கரையின் வலிமையும் குறையும் ஒரே பிணைப்பிலிருந்து பிறக்கின்றன.

இயற்கை என்பது உத்தரவாதம் ஆகுமா?

இது தாவரத்திலிருந்து வந்தது, ஆகவே தீங்கில்லாதது என்று எங்கள் ஆய்வுக் கட்டுரைகளின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறோம். மருந்து வரலாறு இதைவிடக் கண்டிப்பான பாடத்தைச் சொல்கிறது. 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற நல்ல மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்துத் திரவ மருந்தாக விற்றார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். கொன்றது மருந்தைச் சுமந்த திரவம். அடுத்த ஆண்டே அந்நாடு மருந்துப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியது.

பேக்ளிடாக்சல் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்த அரிய புற்றுநோய் மருந்து. நீரில் கரையாத அதைக் கரைக்க, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானைச் சேர்த்தார்கள். அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கியது. மருந்தும் தாவரத்தின் கொடை, கரைப்பானின் மூலமும் தாவரம், ஆனாலும் நோயாளி அவதிப்பட்டார். உடல் எடை குறைக்கும் என்று அமெரிக்காவில் விற்ற குவார் மாத்திரைகள் சிலரின் உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டன. 1990 வாக்கில் அரசு அவற்றைத் தடுத்தது. 2007-ல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குவார் பிசினில் பென்டாகுளோரோஃபீனாலும் டையாக்சினும் கலந்திருந்தது தெரிந்து, ஏற்றுமதிக்கே தனி நிபந்தனைகள் வந்தன. குவாரின் மேல் பிழையில்லை. அது எங்கே விளைந்து, எப்படிப் பதப்பட்டு, எதனோடு கலந்தது என்பதை யாரும் முறையாகப் பார்க்கவில்லை என்பதே பிழை.

ஆய்வுக்கூடத்துக்கும் நோயாளிக்கும் நடுவே கிடக்கும் தூரத்துக்குப் பெரும் காரணம் இங்கேதான் இருக்கிறது. கொழுப்பு நானோ துகள் செய்யும் நிறுவனம், ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே மாதிரியான கொழுப்பை வரவழைத்துக்கொள்ள முடியும். கடற்பாசி அப்படி வளர்வதில்லை. ஒரே கடலில், ஒரே இனப் பாசியிலும், எந்தப் பருவத்தில் அறுத்தோம், தண்டைச் சேர்த்தோமா இலையைச் சேர்த்தோமா என்பதைப் பொறுத்து குலுரானிக் அமிலத்தின் பங்கு மாறுகிறது. அது மாறினால் கால்சியம் உட்காரும் குழிகள் மாறும், துகளின் அளவு மாறும், மருந்து வெளியேறும் வேகம் மாறும். சங்கிலியின் நீளம் பிரித்தெடுக்கும் முறையால் மாறும். பாக்டீரியா நஞ்சு, ஒட்டிக்கொண்டு வரும் புரதம், கடலிலிருந்து வரும் கன உலோகம் என்று கலப்புகள் வேறு. உணவுக்கான தரமுள்ள பிசின், இரத்தநாளத்தில் ஏற்றும் மருந்துக்கு அருகிலேயே வர முடியாது.

2019-ல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. துகளின் அளவு, மேற்பரப்பு மின்னேற்றம், நிலைப்புத்தன்மை, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் முந்தையதோடு ஒத்துப்போவது, உடலில் தங்கும் காலம் என்று அவை கேட்கும் கேள்விகள் எல்லாம் நியாயமானவை. அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் உழைப்பை நாம் தாழ்வாக எண்ணிவிடுகிறோம். புதிய பிசினில் புதிய துகள் செய்தால் கட்டுரை வெளியாகிறது, பட்டம் கிடைக்கிறது. மண்டபத்துக் கட்டக்கோரையிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டை மாதந்தோறும் அளந்து, ஐந்து ஆண்டு அட்டவணை தயாரிப்பவருக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. ஆனால் நோயாளிக்கு மருந்து போய்ச் சேர வேண்டுமானால் அந்த அட்டவணை இல்லாமல் முடியாது.

மாணவர்களுக்கு

இங்கே மருந்தியல், வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

நீங்கள் ஒரு பிசினை எடுத்து ஆய்வு செய்தால், அதை எங்கே, எந்த மாதத்தில், எந்த மரத்திலிருந்து அல்லது எந்தக் கரையிலிருந்து எடுத்தீர்கள் என்பதை எழுதுங்கள். மூலக்கூறு எடை, சர்க்கரைகளின் விகிதம், கலப்புகளின் அளவு ஆகியவற்றைத் துகள் செய்வதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ‘சந்தையில் வாங்கிய பொடி’ என்ற ஒரு வரி, உங்கள் முழு ஆய்வையும் பிறர் திரும்பச் செய்ய முடியாததாக்கிவிடும்.

இரண்டாவதாக, வேலை செய்யாத துகளையும் பதிவு செய்யுங்கள். முதல் மணி நேரத்திலேயே மருந்தைக் கொட்டிவிட்ட துகள் அடுத்தவருக்கு மிகப் பெரிய பாடம். அது மறைந்துபோனால், இன்னொரு ஊரில் இன்னொரு மாணவர் அதே துகளைச் செய்து அதே இரண்டு ஆண்டுகளை இழப்பார்.

மூன்றாவதாக, மூலப்பொருள் தரும் மனிதரை மறக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் பாசி சேகரிப்பவர்களில் பெண்கள் அதிகம். உப்புநீரில் மணிக்கணக்கில் மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிக்கிறார்கள். 2012 வாக்கில் அமெரிக்காவில் பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எரிவாயு எடுக்கக் குவார் பிசின் தேவைப்பட்டபோது அதன் விலை விண்ணை முட்டியது, பிறகு சரிந்தது. ராஜஸ்தான் உழவர்கள் அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் தாங்கினார்கள். தரமான மருந்துப் பொருள் வேண்டுமென்றால், தரம் பார்த்து அறுப்பவருக்கு அதற்குரிய விலை தர வேண்டும். பறிப்பவருக்கு எந்த மாதத்துப் பாசி நல்லது என்று தெரியும். அந்த அறிவை ஆய்வின் ஒரு பகுதியாக மதித்துக் கேட்டு எழுதுங்கள்.

நண்பர்களே, புதிய மருந்தைக் கண்டுபிடிப்பது அரிது, செலவும் பெரிது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நல்ல மருந்துகள் நோயாளியின் உடலில் தேவையான நேரம் தங்க உதவுவது, அதைவிடக் குறைந்த செலவில் பல உயிர்களைக் காக்கக் கூடிய வேலை. அதற்கான பொருள் நம் வயலிலும் கடலிலும் விளைகிறது. அதற்கான வேதியியலை நாம் கற்றிருக்கிறோம். விலங்குகளில் அது பலன் தரும் என்று நம் நாட்டு ஆய்வே காட்டியிருக்கிறது. மீதியிருப்பது தூய்மைப்படுத்தலும் அளத்தலும் திரும்பத் திரும்பச் சோதித்தலும். மருந்துக்குக் கொடுக்கும் அதே மதிப்பையும் அதே சந்தேகத்தையும் அதைச் சுமக்கும் பொருளுக்கும் கொடுக்கும் தலைமுறை இந்த வேலையை முடிக்கும். அந்தத் தலைமுறை நீங்களாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.